எஸ்தரை நாற்காலிக்கு மாற்றிய நாள்

1. மூன்றாவது தடவை

எஸ்தர் மூன்றாவது தடவையாக பாத்ரூம் போய்விட்டு வந்தபோது மணி பத்து நாற்பது. முகம் வெளுத்திருந்தது. சால்டரிங் ஸ்டேஷனில் நின்று, ஈயத்தை உருக்கி ஒட்டுகிற அயர்னைக் கையில் எடுத்தாள்; புகை மேலே வந்ததும் மறுபடியும் வைத்துவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் லைனில் நின்றவளுக்கு இதைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை.

நான் வேலை பார்த்தது வல்லம் வடகாலில், கார் மீட்டருக்குள் போகிற சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில். ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக வெளியே வந்தேன். இப்போது லைன் பார்க்கிற பெண்கள் போன் செய்து, ரிஜெக்‌ஷன் ஏறினால் என்ன செய்வது, ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் நான் பதில் வைத்திருக்கிறேன். இங்கே எழுதுவது யாரும் கேட்காத ஒன்று. நல்லது என்று நினைத்து நான் செய்த தப்பு.

எங்கள் லைனில் பதினெட்டு ஸ்டேஷன். எல்லாமே நின்று செய்கிற வேலை. கடைசியில் விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கும். லென்ஸ் வைத்த விளக்குக்குக் கீழே போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற இடம். மொத்த லைனுக்கும் நாற்காலி அங்கே ஒன்றுதான். யாராவது முழுகாமல் இருந்தால் லீடர் அவளைப் புகையிலிருந்து எடுத்து அந்த நாற்காலியில் உட்கார வைப்பார். எந்த சர்க்குலரிலும் இல்லாத வழக்கம். என்னையும் ஒரு காலத்தில் அப்படித்தான் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு லைன் லீடர் நான்தான்.

"எஸ்தர், நீ இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போ. அங்க இருக்கற மீனாவ இங்க வரச் சொல்லு."

"வேண்டாம்க்கா. நான் இங்கனயே நிக்குதேன்."

"நிக்கறவ மூஞ்சியா இது? போ போ."

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நிமிஷம் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்ததும் லைன் முழுக்கச் செய்தி போய்விட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியே சொல்லிவிட்டது. பேக்கிங்கில் இருந்த கன்னியம்மா மட்டும் தூரத்திலிருந்து விரலைக் காட்டி, "இன்னா விமலா, ரெண்டாவதா?" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எஸ்தரின் புருஷன் சாம் அதே கம்பெனியில், அதே ஷிப்டில், ஸ்டோர்ஸில் இருந்தான்.

2. ஒன்பது தட்டு

பன்னிரண்டு மணிக்கு கேன்டீன். சாம் வரிசையில் நின்று சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தான். ஸ்டோர்ஸ் ஆட்கள் அவன் முதுகில் தட்டினார்கள்.

"மாப்ள, ஸ்வீட் எங்கடா?"

"எதுக்குடே ஸ்வீட்டு?"

"ஒண்ணுந் தெரியாத பாப்பா. உன் பொண்டாட்டிக்கு நாற்காலி குடுத்துட்டாங்களாமே."

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எங்கள் மேசைப் பக்கம் திரும்பினான். எஸ்தர் தலையைக் குனிந்திருந்தாள். சிரிப்பு நின்றது. தட்டோடு நேராக வந்தான்.

"என்னது, இவனுவ என்னமோ சொல்லுதானுவ?"

"ஆமா."

"எத்தன நாளாத் தெரியும்?"

"பத்து நாளா."

"எனக்கு ஏன் சொல்லல?"

எஸ்தர் சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகத்தான் சொன்னாள். "வச்சிக்கப் போறதில்ல. அதான் சொல்லல."

எங்கள் மேசையில் ஒன்பது தட்டு. ஒன்பதிலும் கை நின்றது. சாம் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான்.

அவர்களுடைய முதல் பிள்ளை ஏழாம் மாசத்தில் பிறந்தது. எஸ்தருக்கு பிபி ஏறி, ஃபிட்ஸ் வந்து, அவசரமாக வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைக்கமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிள்ளை முப்பத்தைந்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இப்போது பதினோரு மாசம்; ஊரில் எஸ்தரின் அம்மாவிடம் வளர்கிறது. இன்னும் சரியாக உட்காரவில்லை. அடுத்ததற்கு மூன்று வருஷமாவது போகட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சாம் போனதும் மேசையில் பேச்சு கிளம்பியது. தர்மபுரிப் பெண் ஒருத்தி, "வயித்துல தங்கினத கலைக்கறது பெரிய பாவம். ஏழு ஜென்மத்துக்கும் விடாது" என்றாள்.

"ஏழையும் நீ பாத்துட்டு வந்தியாடி?" என்றாள் கன்னியம்மா. வல்லத்துக்காரி. அவள் வீட்டார் நெல் போட்ட நிலத்தில்தான் எங்கள் கம்பெனி நிற்கிறது. "நான் ரெண்டு வாட்டி பண்ணிக்கினேன். மூணு புள்ளய வச்சிக்கினு நாலாவதுக்கு எங்க போறது? அம்மன் கோயில்ல தீட்டு, வராதன்னாங்க. பதினோராவது நாளு குளிச்சிட்டு நானே போய் நின்னேன். அவ ஒண்ணும் கேக்கல. கேட்டவங்க எல்லாம் வெளிய நின்ன ஆளுங்கதான்."

"அப்ப பாவமே இல்லன்றியா?"

"இல்லன்னு எவ சொன்னா? அந்த ரெண்டையும் நான் மறக்கல. வெள்ளிக்கிழம வெளக்கு வச்சா அதுங்களுக்கும் சேத்துதான் வைக்கிறேன். ஆனா எனக்கும் அம்மனுக்கும் நடுவுல நீ வந்து குந்திக்காத."

எஸ்தர் எழுந்து கை கழுவப் போனாள். அவளை வைத்துக்கொண்டே அவள் வயிற்றைப் பற்றி ஒரு மேசையே பேசியிருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போராடி ஆறு ஸ்டேஷனுக்கு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். யாருக்குக் கால் வலித்தாலும் உட்காரலாம். யார் உட்கார்ந்தாலும் ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் அது அடுத்த மாசத்துக் கதை. அன்றைக்கு அவளுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

3. ஐடி கார்டுக்குப் பின்னால்

லைனுக்குள் பை, பர்ஸ், போன் எதுவும் வரக்கூடாது. லைனில் போடுகிற கோட்டில் பாக்கெட்டே இருக்காது. கழுத்தில் தொங்குகிற ஐடி கார்டு கவர் ஒன்றுதான் எங்கள் பெண்களுக்கு அலமாரி. சாமி படம், தலைவலி மாத்திரை, பஸ் டிக்கெட் எல்லாம் அதற்குள்தான்.

ஒன்றரை மணிக்கு எஸ்தர் என்னிடம் வந்தாள். "அக்கா, பத்து நிமிஷம் ரெஸ்ட் ரூம் போயிட்டு வாரேன்." கை அந்தக் கவரைப் பிடித்திருந்தது. பிடித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அதுல இன்னா வச்சிருக்க?"

நான் கையை நீட்டியதும் கழற்றிக் கொடுத்தாள். கார்டுக்குப் பின்னால் மடித்த அட்டை, அதில் மாத்திரை.

"படப்பையில மெடிக்கல்ல வாங்கினேன். டாக்டர் சீட்டு கூடக் கேக்கல. இன்னைக்கே போட்டுட்டேன்னா அவரு என்ன பேசினாலும் முடிஞ்சி போயிரும்லா."

மேசையில் எல்லோரும் பாவ புண்ணியம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கழுத்தில் இது தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவளைக் கையோடு ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்குக் கூட்டிப் போனேன்.

நர்ஸ் ரெஜினா சிஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க வெளிய இருங்க விமலா."

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள் எஸ்தர்.

சிஸ்டர் பிபி பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "நூத்தி அம்பது. ஃபிட்ஸ் வந்த உடம்பு, போன வருஷம் போட்ட தையல். ஸ்கேன் எடுத்தியா? கரு எங்க தங்கியிருக்குன்னு தெரியுமா? பாத்ரூம்ல ரத்தம் போச்சுன்னா நான் வர்றதுக்குள்ள என்ன ஆகும்னு தெரியுமா?"

எஸ்தர் அழவில்லை. "வச்சிக்கிட்டா மட்டும் நான் இருப்பேனா சிஸ்டர்? எனக்கு அந்த ஆபரேஷன் தியேட்டர் லைட்டு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. ஊர்ல ஒண்ணு கெடக்கு. அது என்ன அம்மான்னு இன்னும் சொல்லல."

சிஸ்டர் அட்டையை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். "கேளு. நான் ஜெபிக்கிறவ. என் மனசக் கேட்டா இது கூடாதுன்னுதான் சொல்லும். அதை உன்கிட்ட மறைக்கல. ஆனா இந்த ரூம்ல நான் சொல்ல வேண்டியது வேற. உனக்கு இருபத்தி நாலு வயசு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்து முறையா செய்வாங்க. உன் கையெழுத்து போதும். புருஷன் கையெழுத்து சட்டத்துல இல்ல. வச்சிக்கணும்னு தோணிச்சின்னா அதுக்கும் வழி இருக்கு. முதல் மாசத்துலேர்ந்தே பெரிய டாக்டர் பாக்கணும். எதுவானாலும் கடை மாத்திரை கிடையாது. அதைச் சத்தியம் பண்ணு."

எஸ்தர் தலையாட்டினாள்.

4. சாம் கேட்டது

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தது. சாம் ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் வாசலில் வந்து நின்றான். சிஸ்டர் அவனை உள்ளே விடவில்லை. எஸ்தரிடம், "வரச் சொல்லவா? வேணாம்னா அங்கயே நிக்கட்டும்" என்றார். அவள் சரி என்ற பிறகுதான் வந்தான்.

வந்ததும் சிஸ்டரைத்தான் பிடித்தான். "சிஸ்டர், நீங்களும் சபைக்குப் போறவியதான. நீங்களே இதுக்கு வழி சொல்லுதியளா?"

"வழி சொல்லல தம்பி. உள்ளதச் சொன்னேன்."

"கர்த்தர் குடுத்தத எடுக்க நாம யாரு? முப்பத்தஞ்சு நாளு அந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னேன். என் உள்ளங்கை அளவு இருந்தான். விரல நீட்டுனா பிடிப்பான். அவனயும் அன்னைக்கு விட்ரச் சொன்னாவ. விட்டிருந்தா?" என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கக்கா. இது கொலையா, இல்லயா?"

பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள் நான். அன்றைக்கு எஸ்தரைத்தான் பார்த்தேன்.

எஸ்தர்தான் பேசினாள். "நீரு கண்ணாடிக்கு வெளிய நின்னீரு. நான் உள்ள கட்டில்ல கெடந்தேன். அவன் பொழச்சத நீரு பாத்தீரு, நான் மூணு நாளா கண்ணே முழிக்கல. தப்பு இல்லன்னு நான் சொல்லவே இல்ல. நானும் ராத்திரி முட்டி போட்டுத்தான் கேட்டேன். எனக்குக் கெடச்ச பதிலு, இருக்கறவனுக்கு அம்மா வேணும்."

"அது கர்த்தர் சொன்னதில்ல. உன் பயம்."

"ஆமா. பயந்தான். பயப்படக்கூடாதா?"

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவன் சுவரில் சாய்ந்து நின்றான். "நான் கையெழுத்து போட மாட்டேன். கூட வரவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். எஸ்தர் வாடகை ரூமிலிருந்து தனியாக வந்து படப்பை பஸ் ஸ்டாண்டில் நின்றாள். இரண்டு நாளாக அவன் பேசவில்லையாம். ஆனால் கடையில் இட்லி வாங்கி வைத்துவிட்டுப் போனானாம். ஷேர் ஆட்டோவில் போகும்போது, "திரும்பணும்னு தோணுதா?" என்று கேட்டேன். "தோணுச்சின்னா நானே சொல்லுதேன்க்கா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எட்டு வாரம். டாக்டரம்மா சின்ன வயசு, கண்டிப்பான ஆள். "போன டெலிவரி டிஸ்சார்ஜ் சம்மரி எங்க? ஃபிட்ஸுக்கு என்ன மருந்து குடுத்தாங்க? ஆபரேஷன்ல ஏதாவது பிரச்சினை இருந்துதா? அது தெரியாம நான் தொட மாட்டேன்."

எஸ்தர் முழித்தாள். அந்த மூன்று நாளும் அவளுக்கு நினைவே இல்லையே. ஃபைல் வீட்டில், சாமின் பெட்டியில். பெட்டிச் சாவி அவனிடம். போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். பிறகு, ஃபைல் வேண்டும், இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்று மெசேஜ் அனுப்பினாள். மாசம் வேறு போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த முறை வருவதற்குள் எத்தனை வாரம் ஆகுமோ என்று எனக்கு வியர்த்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

சாம் வந்தான். கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்தான். கையில் பிளாஸ்டிக் கவர். எஸ்தரைப் பார்க்காமல் நேராக டாக்டரம்மா மேசைக்குப் போய் ஃபைலை வைத்தான்.

"நான் சம்மதிக்கல மேடம். அத எழுதிக்கிடுங்க. ஃபைலு கொண்டாந்தேன்."

டாக்டரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். "உங்க சம்மதத்த நான் கேக்கல. உக்காருங்க. அந்த மூணு நாளும் கூட இருந்தது நீங்கதானே? என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவன் உட்கார்ந்தான். எந்த ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள், எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், எப்போது மூச்சு திணறியது, எல்லாவற்றையும் சொன்னான். டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். எஸ்தர் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் பாதி அவளுக்கே தெரியாதது.

மறுநாள் காலையில் செய்வதாகச் சொல்லி அன்றைக்கு அவளை வார்டில் வைத்துக்கொண்டார்கள். கூட இருப்பவர் ஒருவர்தான் தங்கலாம் என்றார் வார்டு ஆயா. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திரும்பிப் பார்த்தபோது சாம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். எதை வேண்டினான் என்று எனக்குத் தெரியாது. எஸ்தர் கட்டிலிலிருந்து ஒரு கையைக் கீழே தொங்கவிட்டிருந்தாள். அது அவன் தோளில் படவில்லை, எட்டுகிற தூரத்தில் இருந்தது.

கொலையா இல்லையா என்று அவன் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர்களை, இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்கிறேன். அதுவரை நான் நினைத்தது, ஒத்துக்கொள்கிறவர் கூட வருவார், ஒத்துக்கொள்ளாதவர் வழியை மறிப்பார் என்று. லைனிலும் அப்படித்தான் ஆட்களைப் பிரித்து வைத்திருந்தேன். மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஃபைலை எடுத்து வருகிற மனுஷனுக்கு என் கணக்கில் இடமே இருக்கவில்லை. அதற்குப் பிறகு யாராவது என் முகத்துக்கு நேராக "இதுல எனக்கு இஷ்டமில்லக்கா" என்று சொன்னால், நான் அவர்களிடம் வாதாடுவதில்லை. "சரி, உன்னால எது முடியும்?" என்றுதான் கேட்பேன்.