பதினோரு நிமிடப் படமும் என் வாழ்த்துரையும்

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. இடம் பர்மாவில் யாங்கூன், தின்கன்ஜூன் பக்கம் ஒரு மண்டபம். எனக்கு அதே ஊரில் கியாக்டடா பேட்டையில் சின்னதாக ஓர் அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீது புத்தகம் என்று எது வந்தாலும் அடிப்பேன். அது போக எங்கள் பேட்டைக் கோயில் கமிட்டியில் செயலாளர். செயலாளர் என்றதும் பெரிய அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மைக் கையில் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த மைக்தான் எனக்கு வினையாக முடிந்தது.

இங்கே நேபாளிகளும் எங்களைப் போலத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அவர்களைக் கூர்க்காக்கள் என்று சொல்வோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் என்ற ஊரில் நிறையப் பேர் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்கிறார்கள். அவர்களில் படித்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து, உலகத்தில் அங்கங்கே போய் வேலை செய்யும் நேபாளிப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களை ஒன்றாகத் திரையிட ஏற்பாடு செய்திருந்தார்கள். அழைப்பிதழ் அடிக்க ஒரு பெண் என் கடைக்கு வந்தாள்.

"படத்துல பாட்டு, சண்டை ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"இது டாக்குமென்டரி ஊலே. நெஜமா நடந்ததை அப்படியே எடுத்தது" என்று சிரித்தாள். ஊலே என்றால் பர்மியில் மாமா. நாங்கள் பேசியது எல்லாமே பர்மிதான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை, இதற்கு ஒரு விழாவா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. விலையைக் குறைத்து அடித்துக்கொடுத்தேன். அந்த மரியாதைக்கு, என்னையே சிறப்பு விருந்தினராக வரச் சொன்னாள். கடைசிப் படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் வாழ்த்துரை. எங்கள் ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண்டபத்து ஜெனரேட்டர் பழுதாகி மாதக் கணக்காகிறது. அதனால் காலையில் கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் எல்லாப் படத்தையும் போட்டு முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் பார்த்து நிகழ்ச்சியை அமைத்திருந்தார்கள். இதை அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னாள். நிகழ்ச்சி நிரலை நேரத்தோடு அச்சடித்தவனும் நானேதான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அன்றைக்கு இடுப்பில் பட்டு லொஞ்சி, மேலே பர்மிய மேல்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்காரி மேலும் கீழும் பார்த்தாள்.

"மைக்கைப் பாத்தா உங்களுக்குச் சாமி வந்துரும். அவுங்க பிள்ளைங்க படம் பாக்க வந்திருப்பாக. சுருக்கா முடிச்சிட்டு எறங்கிருங்க" என்றாள்.

"எனக்குத் தெரியும் போடி" என்றேன்.

முன்வரிசையில் என் பக்கத்தில் ஒரு நேபாளி அம்மா உட்கார்ந்திருந்தார். என் வயசுதான் இருக்கும். புதுப் புடவை, நெற்றியில் பொட்டு கிடையாது. மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் விருந்தினர் என்று தெரிந்ததும் தானாகவே பேசினார். கடைசிப் படம் அவருடைய மகன் எடுத்ததாம். மகன் மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவன் அங்கே இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். வந்தால் திரும்பிப் போக முடியாத நிலை, அதனால் வரவில்லை. கணவரின் தம்பி கொள்ளி வைத்திருக்கிறார்.

"அப்பனுக்குக் கருமம் செய்யாத பிள்ளைன்னு என் கொழுந்தனாருங்க சொல்லிட்டாங்க அகோ. அன்னைக்கிலேருந்து என் வீட்டுல கை நனைக்கிறதில்லை" என்றார். அகோ என்பது பர்மியில் அண்ணன்.

ஆனால் மகன் செய்திருக்கிறான். அந்த விடுதி அறையிலேயே பதின்மூன்று நாளும் விரதம் இருந்து முறைப்படி செய்திருக்கிறான். கூட இருந்தவன் அதைப் போனில் படம் பிடித்திருக்கிறான். அதைத்தான் மகன் பதினோரு நிமிடப் படமாக வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறான். அந்த அம்மாவும் இன்னும் பார்க்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து பார் என்று மகன் சொன்னானாம். பின்னால் திரும்பி, கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்திருந்த கொழுந்தனார்களைக் காட்டினார். பெரியவர், சின்னவர், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று ஒரு வரிசையே உட்கார்ந்திருந்தது. யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கருமாதி என்றால் என்ன என்று நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? "கவலைப்படாதீங்க, பாத்தா கண்டிப்பா மனசு மாறும்" என்று ஆறுதல் சொன்னேன். நிஜமாகவே அவருக்காக உருகினேன். அதுதான் வேடிக்கை.

படங்கள் ஓடின. ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண், மலை ஊரில் டீக்கடை வைத்திருப்பவர், மாட்டுக் கொட்டகையில் படிக்கும் பிள்ளைகள். பாட்டும் சண்டையும் இல்லாமலே நன்றாகத்தான் இருந்தன. அதன் பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் ஒரு மாலை விழுந்தது.

ஐயோ, அதன் பிறகு நான் பேசியதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பட்டாளத்துக்காரர்களின் வீரத்தில் ஆரம்பித்தேன். இமயமலைக்குப் போனேன். அங்கிருந்து கங்கையில் இறங்கி எங்கள் துறைமுகத்துக்கு வந்து, தமிழனும் நேபாளியும் இந்த மண்ணில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றேன். கை தட்டினார்கள். கை தட்டினால் என் நாக்கு நிற்காது. அந்தப் பெண் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். நம் மேடைகளில் சீட்டு வருவதும் பேச்சாளர் அதை வைத்து ஜோக் அடிப்பதும் சகஜம்தானே. "சீட்டு வந்தாத்தான் தமிழனுக்குப் பேச்சே சூடு பிடிக்கும்" என்றேன். சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் மேடை ஓரத்தில் நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். "நம்ம பொண்ணு புதுக் கடிகாரம் வாங்கியிருக்கு, எல்லாரும் பாருங்க" என்றேன். அதற்கும் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதோடாவது இறங்கியிருக்கலாம். இல்லையே! அந்த அம்மாவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் அவர் கதையை எடுத்தேன். கடல் கடந்து போன ஒரு மகன், அப்பா இறந்த சேதி, விடுதி அறை, விரதம் எல்லாவற்றையும் குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். கடைசிப் படத்தை யாரும் தவறவிடாதீர்கள் என்று அதற்கு மட்டுமே தனியாகப் பத்து நிமிடம் பேசியிருப்பேன். கீழே அந்த அம்மாவைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர். என் பேச்சுக்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கொடுத்த இடத்தில் அரை மணிக்கு மேல் பேசிவிட்டு இறங்கினேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் மகனின் பெயர் வந்தது. அந்த அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். அடுத்து ஒரு ஜன்னல், அதில் காயப்போட்ட வெள்ளைத் துணி. அவ்வளவுதான். பட்டென்று எல்லாம் இருண்டது, மின்விசிறிகள் நின்றன.

"மீ போயிருச்சு" என்று யாரோ கத்தினார்கள். கரண்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அந்தப் பெண் வெளியே ஓடினாள், எதிர்க் கடைக்காரரிடம் பாட்டரி ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க. கூட்டம் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தது. கொழுந்தனார்களும் எழுந்தார்கள். அந்த அம்மா வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடி, பெரியவரின் கையைப் பிடித்தார். பெரியவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பால் கறக்கிற நேரம், மாடு கத்தும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. தன்லியின் போய்ச் சேரப் பாலம் தாண்ட வேண்டும். எல்லாரும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

இப்போதாவது எனக்கு உறைத்ததா? உறைக்கவில்லை. அந்தப் பெண் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். மூச்சு வாங்க நின்றவளிடம், "என்னம்மா இது, ஒரு விழா வெச்சா முன்கூட்டி யோசிக்க வேணாமா? இந்தத் தாயை இப்படி அலைய விட்டுட்டீங்களே" என்று சத்தம் போட்டேன். மாலையைக்கூட இன்னும் கழற்றவில்லை நான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசி வளர்ந்த பெண் இல்லை. பேசியது அந்த அம்மாதான். வாசற்படியிலிருந்து திரும்பி வந்து என் எதிரே நின்றார்.

"அந்தப் பிள்ளையை ஏன் திட்டுறீங்க? அது நிமிஷக் கணக்கா எல்லாம் சரியாத்தான் வெச்சிருந்துச்சு. என் மகனோட நேரத்தை நீங்கதான் எடுத்துக்கிட்டீங்க அகோ."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

லேப்டாப்பில் கொஞ்சம் சார்ஜ் இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் வைத்தாள். அந்த அம்மா, அந்தப் பெண், பின்னால் நான், மூன்று பேர்தான். போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

மேலும் கீழுமாகக் கட்டில்கள் போட்ட ஓர் அறை. தரையில் பாய். தலை மழித்து, வெள்ளைத் துணி உடுத்த பையன் சின்னக் குக்கரில் உப்பில்லாமல் சோறு வடிக்கிறான். குக்கர் பக்கத்தில் அப்பாவின் போட்டோ சாய்த்து வைத்திருக்கிறது. கருமம் செய்து வைக்கிற பண்டிதர் எங்கிருந்தோ போனில் மந்திரம் சொல்கிறார், விட்டு விட்டுக் கேட்கிறது. கருமம் செய்கிறவனை அந்த நாட்களில் யாரும் தொடக் கூடாதாம், அதனால் கூட்டாளி ஒருத்தன் காவல் நிற்கிறான். வேலைக்குப் போகப் பையன் மேலே சீருடை போட்டு, மொட்டைத் தலையைத் தொப்பியால் மறைக்கிறான். திரும்பி வந்து குளித்துவிட்டு மறுபடி வெள்ளை. ஒவ்வொரு நாளும் இதேதான். படம் முழுக்க அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அம்மா மகனின் மொட்டைத் தலையைத் திரையில் விரலால் தடவினார். அழவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, "நீங்க நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா இதை எப்படி வாயால சொல்ல முடியும்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். "அய்யோ, அந்தப் பொம்பளை பாவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் கெஞ்சி, படத்தை என் போனில் ஏற்றிக்கொண்டு, அந்த அம்மாவிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு, பஸ் ஏறித் தன்லியின் போனேன். பெரிய கொழுந்தனார் மாட்டுக் கொட்டகையில் இருந்தார். மரியாதையாக உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். வந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, பதினோரு நிமிஷம்தான், ஒருதரம் பாருங்கள் என்று போனை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"நீங்கதான் அன்னைக்கே மேடையில எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே. அண்ணி பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்ததை நானும் பாத்தேன். இனிமே பாக்க என்ன இருக்கு?" என்றார். கோபமே இல்லை அவர் குரலில். புல் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நேரத்தை மட்டும்தான் தின்றேன் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்ததாக அல்லவா என் பேச்சு ஆகிப்போயிருக்கிறது! இனி அவர் கையாலேயே அந்தப் படத்தை நீட்டினாலும் அவர்கள் பார்க்கப்போவதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார மனசு வராமல் நின்றுகொண்டே வந்தேன். நடந்ததை அந்த அம்மாவுக்குப் போனில் சொன்னபோது, "சரி அகோ, விடுங்க" என்றார்.

அவர் வீட்டில் இன்றைக்கும் கொழுந்தனார்கள் கை நனைப்பதில்லை. பதினோரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசாமலே தன் அம்மாவைக் காப்பாற்றியிருப்பான் என்பதை, யார் என் பேச்சைப் பாராட்டினாலும் இப்போது முதலில் நினைத்துக்கொள்கிறேன்.