நெட்டையக்கா அமைத்த போர்வை நடனம்

நடனக் குழுவில் அவளுக்கு நெட்டையக்கா என்று பெயர். எந்தக் கதாநாயகியைவிடவும் ஒரு சாண் உயரம். அதனாலேயே பதினோரு வருடம் கடைசி வரிசையில் ஆடினாள். படம் வந்ததும் வீடே கிளம்பிப் போய்ப் பார்க்கும். "மரத்துக்குப் பின்னாடி ஒரு கை தெரியுதுல்ல, அது எங்க அண்ணி" என்று நாத்தனார் பக்கத்து சீட்காரரிடமெல்லாம் சொல்லுவாள்.

கடைசி வரிசையில் நின்றதில் ஒரு லாபம், முன்னால் ஆடுகிற நாற்பது முதுகும் அவளுக்கு மனப்பாடம். யார் எங்கே தடுமாறுவார், யாருக்கு முட்டி வலி என்பதெல்லாம் அத்துப்படி. நடன மாஸ்டர் அவளை உதவியாளராக வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

ஒருமுறை சண்டை நடிகர் ஒருவர் கதாநாயகனானார். பத்துப் பேரைத் தூக்கி வீசுகிற மனிதருக்குக் காதல் பாட்டில் இரண்டடி ஒழுங்காக வைக்க வரவில்லை. மூன்று நாள் ஒத்திகையில் கதாநாயகியின் காலை நாலு தடவை மிதித்துவிட்டார்.

"நீயே பாத்துக்கம்மா, என்னால ஆகாது" என்று மாஸ்டர் காரேறிவிட்டார்.

அவள் நடிகரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சார், வீட்ல என்ன வேலை செய்வீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நானும் சம்சாரமும் சேந்து துணி மடிப்போம். போர்வைன்னா ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்குவோம்."

அவள் எழுந்துபோய் உடை அறையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து வந்தாள். நடிகர் ஒரு பக்கம், கதாநாயகி மறுபக்கம். இழுத்து உதறு, நெருங்கி வா, முனையைக் கொடு, விரல் பட்டதும் விலகு. போர்வை சின்னதாகச் சின்னதாக இருவரும் கிட்டே வந்தார்கள். கவனமெல்லாம் மடிப்பில் இருந்ததால் நடிகர் காலை மறந்தே போனார். கால் தானாகத் தாளத்தில் விழுந்தது.

மறுநாள் வந்து பார்த்த மாஸ்டர் இன்னொரு தடவை ஆடச் சொன்னார். பிறகு இயக்குநரிடம், "இந்தப் பாட்டுக்கு அவ பேரப் போடுங்க. எனக்கு இது தோணியிருக்காது" என்றார்.

அதன்பின் ஆடத் தெரியாத நடிகர்களெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். முப்பத்திரண்டு படங்கள். இப்போது ஞாயிறு காலையில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். போன வாரம் ஒரு பல் டாக்டர் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"எனக்குச் சுத்தமா ஆட வராதுங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. திருத்துற வேலை மிச்சம். செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றாள்.