அடுத்த ஸ்டேஷன் அண்ணாச்சி

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குமார், திருப்பத்தில் நின்று வாக்கிடாக்கியில் என்னிடம் "அக்கா, வரட்டா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பும்.

தென்காசிப் பக்கம், இப்போது இடித்துவிட்ட ஒரு சின்ன ஸ்டேஷனில் அப்பா மாஸ்டர். ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டிகள் எதிரெதிரே வந்து மோதிவிடக் கூடாதென்று, அடுத்த ஸ்டேஷன்காரர் அங்கே பொத்தானை அழுத்தினால்தான் இங்கே பெட்டியிலிருந்து, அனுமதிச் சீட்டு மாதிரி, ஒரு இரும்புக் குண்டு உருண்டு விழும். அது கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அதற்காக மணியடித்து, ஃபோனை எடுத்து, "அண்ணாச்சி, வண்டிய அனுப்பட்டுமா?" என்று அப்பா குழைவார். வீட்டில் யாரிடமும் எதையும் கேட்காத மனுஷன்!

"எங்கிட்ட ஒருநாளாவது இப்படிக் கேட்டிருக்காகளா?" என்பாள் அம்மா. முகம் தெரியாத அந்த அண்ணாச்சிமேல் எனக்கும் வயிற்றெரிச்சல்தான்.

அப்பா ரிட்டயரான அன்றுதான் அவரைப் பார்த்தேன்.

"நீதான் செல்வியா? கணக்குல நூறு வாங்குன அன்னைக்கு, ஒவ்வொரு வண்டிக்கும் ஃபோன்ல உம்பேச்சுத்தாம்மா உங்கப்பாவுக்கு."

நூறு வாங்கிய அன்று ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா என்னிடம் சொன்னது, "ம்." எனக்கு வரவேண்டிய பாராட்டையும் அந்த அண்ணாச்சியே கேட்டுவிட்டிருந்தார்.