ஆலங்குடியில் நான்கு நிமிஷம்

ஐம்பதுகளின் பின்பாதி. புதுக்கோட்டை தனி ஜில்லாவாக ஆகாத காலம். நான் ஆலங்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். அந்த மாசி மாதம் ஒரு சைக்கிள் கம்பெனி மதராஸிலிருந்து மதுரை வரைக்கும் ஆறு நாள் பந்தயம் ஒன்றை நடத்தியது. தினமும் ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊரில் முடிப்பார்கள். ஐந்தாம் நாள் தஞ்சாவூரில் கிளம்பி, பட்டுக்கோட்டை, ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டையில் முடிவதாக ஏற்பாடு.

பந்தயம் எங்கள் ஊர் வழியாக வருகிறது என்பதைவிட, அதில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஓட்டுகிறார் என்பதுதான் பெரிய சேதி. அவர் கட்டுமாவடியிலிருந்து எங்கள் சந்தைக்கு மீன் கொண்டுவருபவர். கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு இருட்டோடு மிதிக்க ஆரம்பித்தால், வெயில் ஏறுவதற்குள் ஆலங்குடியில் இருப்பார். மீன் கெடுவதற்குள் வந்தாக வேண்டும். அவருக்கு வேறு பயிற்சி எதுவும் கிடையாது. எப்படியோ கம்பெனிக்காரர்கள் கண்ணில் பட்டு, சைக்கிளும் படியும் கொடுத்து ஓட்ட வைத்திருந்தார்கள். முதலாவதாக வருபவரை மாதச் சம்பளத்தில் கம்பெனியே வைத்துக்கொள்ளும் என்று அறிவிப்பு. மற்றவர்கள் அவரவர் பிழைப்புக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் கூட்டம் கூடும் இடம் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த சலூன். காலை பஸ்ஸில் பத்திரிகை வந்து இறங்கியதும் பிரித்து வாசிப்பது என் வேலை. பந்தயக்காரர்களின் நேரத்தைக் கூட்டிச் சவர சோப்பால் கண்ணாடியில் எழுதி வைப்பேன். முடி வெட்ட வந்தவர்கள் மணிக்கும் நிமிஷத்துக்கும் நடுவே தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தினமும் யார் முந்துகிறார் என்பது முக்கியமில்லை, ஆறு நாளும் சேர்த்து யாருக்குக் குறைந்த நேரம் என்பதுதான் கணக்கு என்று புரியவைக்க எனக்கு இரண்டு நாளானது. கடலை வியாபாரி ஒருவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "நேத்து ஓட்டுனது நேத்தோட போச்சு. அதை எதுக்குங்க இன்னைக்கும் தூக்கிக்கிட்டுத் திரியணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாங்கள் எல்லோரும் மீன்காரர் பக்கம். சலூன்காரர் மட்டும் மதராஸிலிருந்து வந்த பந்தயக்காரர் ஒருவரின் பக்கம். காரணம் கேட்டால், பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டி, "கிராப்பைப் பாருங்க, என்னா ஒழுங்கு" என்பார். அவர் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு அவரையே நாங்கள் கிண்டல் செய்தோம். மனிதர் கோபப்பட்டதில்லை.

நாலாம் நாள் முடிவைத் தஞ்சாவூர் பஸ்ஸில் வந்த கண்டக்டர் அன்றைக்கே கொண்டுவந்து சொன்னார். கண்ணாடியில் நான் எழுதியது இது: எங்கள் ஆள் முதலிடம். மதராஸ்காரர் இரண்டு நிமிஷம் பத்து நொடி பின்னால்.

அன்று சாயங்காலமே ஊர் கூடிப் பேசியது. மறுநாள் அவர் வரும்போது மரியாதை செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் எழுந்து, யாரும் ரோட்டில் இறங்கக் கூடாது, ஓரத்தில் நின்று கை தட்டினால் போதும், ஒவ்வொரு நொடியும் கணக்கு என்று எடுத்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு நான் கடைக்குத் திரும்பி, இருப்பதிலேயே நல்ல ஜரிகைத் துண்டு ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். எங்கள் பக்கத்தில் மாலை மரியாதை என்றால் தெருவுக்குத் தெரு தனி. கீழத்தெருவுக்கு ஒரு மாலை, மேலத்தெருவுக்கு ஒரு மாலை, சந்தைக் கடைக்காரர்களுக்கு ஒன்று என்று மொத்தம் ஏழு மாலைகள் வந்திருந்தன. ஒரு தெருவின் மாலையைக் கழுத்தில் வாங்கிவிட்டு அடுத்த தெருவின் மாலையை வாங்காமல் நகர்ந்தால், அந்தத் தெருவையே மட்டம் தட்டியதாகும். வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல.

கம்பெனி ஜீப் முன்னால் கடந்து போய்த் திருப்பத்தில் மறைந்தது. அடுத்து அவர் வந்தார், தனியாக. மீன் கூடை இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பின்னால் ரோடு காலியாகக் கிடந்தது.

எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. பத்து நொடிதானே, போனால் இரண்டு நிமிஷம் மிச்சம் இருக்கிறதே என்று மனசு கணக்குப் போட்டது. துண்டை விரித்துக்கொண்டு நடு ரோட்டில் இறங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், பிரேக்கைப் பிடித்தார். நான் துண்டைப் போர்த்தினேன்.

அவ்வளவுதான். நான் இறங்கியதைப் பார்த்துக் கீழத்தெரு மாலை இறங்கியது. அதைப் பார்த்து மேலத்தெரு இறங்கியது. யாரோ சந்தனக் கிண்ணத்தை நீட்டினார், யாரோ சோடாவை உடைத்தார். போதும் விடுங்கள் என்று நான் கத்தினேன். "ஒங்க துண்டு மட்டும் ஏறணும், எங்க மாலை ஏறக் கூடாதோ?" என்று ஒருவர் கேட்டார். மீன்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒவ்வொரு மாலைக்கும் தலையைக் குனிந்து, ஒவ்வொருவருக்கும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

நாலாவது மாலை விழும்போது மதராஸ் பந்தயக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போனார். கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்துக் குரல் கொடுத்தவர் சலூன்காரர்தான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் அவர். ஆனால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்து, "அந்த மனுசனை விடுங்கய்யா, இங்கிட்டு ஒருத்தன் போயிட்டான்" என்று சொல்லி, மாலைகளைத் தன் கையாலேயே கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்படியும் மிச்சமிருந்த மாலைக்காரர்கள் விடவில்லை. கடைசி மாலையும் விழுந்த பிறகுதான் வழி கிடைத்தது. சலூன்காரர் ஓடிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிவிட்டார். என் கைக்கடிகாரத்தில் நாலு நிமிஷம் போயிருந்தது.

மறுநாள் காலைப் பத்திரிகையில் இருந்தது: புதுக்கோட்டை முடிவில் மதராஸ்காரர் மொத்தத்தில் ஐம்பது நொடி முன்னால். கடைசி நாள் இருவரும் சேர்ந்தே மதுரைக்குள் நுழைந்திருக்கிறார்கள். அந்த ஐம்பது நொடி அப்படியே நின்றுவிட்டது. நான் கண்ணாடியில் எதுவும் எழுதவில்லை. சலூன்காரரும் எழுதச் சொல்லவில்லை. பழைய எழுத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அடுத்த ஆளுக்குச் சவரம் செய்யப் போய்விட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மீன்காரர் மறுபடியும் சந்தைக்கு வந்தார். கேரியரில் அதே கூடை. மேலே வெயிலுக்கு மூடியிருந்தது என் ஜரிகைத் துண்டு. மத்தியானம் வரை கடையில் கால் தரிக்காமல் இருந்துவிட்டுப் பிறகு போய் அவர் முன்னால் நின்றேன். "அண்ணே, முதல்ல ரோட்டுல இறங்குனது நான்தான்" என்றேன்.

"தெரியும் தம்பி. ஒங்க மொகம்தானே முதல்ல தெரிஞ்சுச்சு" என்றார். கோபமே இல்லை. "பிரேக்கைப் பிடிச்சது நான்தானுங்களே. எட்டு வருசமா இந்த ரோட்டுல வாரேன். மீன் என்ன வெலைன்னு கேக்கத்தான் நிறுத்துவாங்க. அன்னைக்கு ஒருநாளுதான் எனக்குன்னு நிறுத்துனீங்க. எப்படித் தம்பி நிக்காமப் போறது?"

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூடையில் நல்லதாக இரண்டு மீனைப் பொறுக்கி இலையில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் குழம்பு வைத்தார்கள். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

அதன் பிறகு எத்தனையோ பேருக்கு மாலை போட்டிருக்கிறேன், எனக்கும் ஒன்றிரண்டு விழுந்திருக்கிறது. ஆனால் இன்றைக்கும் யாருக்காவது மாலை போடப் போனால், அவர் போக வேண்டிய இடத்துக்கு நேரம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கையைத் தூக்குகிறேன்.