வெள்ளையாக விட்ட இடம்

என் வேலையை அண்ணிக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிடும். ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் காற்றையும் கடலையும் மழையையும் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். அது போடும் எண்கள் அத்தனையையும் சேமித்து வைக்க இடம் போதாது. அதனால் கணக்கு ஓடும்போதே என் புரோகிராம் அதைப் படமாக வரைந்துவிடும். படம் மிஞ்சும், எண்கள் அழிந்துபோகும். அப்படியென்றால் நீ படம் வரைகிறவள் என்று அண்ணி முடித்துவைத்தார். வாதாட எனக்குத் தெம்பில்லை.

அந்த ஐப்பசியில் லீவு போட்டுத் திருக்காட்டுப்பள்ளி வந்திருந்தேன். அண்ணன் குவைத்தில் இருந்ததால் குறுவைச் சாகுபடி முழுக்க அண்ணி தலையில். அறுத்த நெல்லை ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. அங்கேயே களத்தில் பரப்பியிருந்தார். இன்னும் ஒரு பகல் வெயில் பட்டால் போதும். ஆனால் வங்கக்கடலில் புயல் சின்னம். குவித்துத் தார்ப்பாய் போட்டால் நெல் காயாது, போடாமல் மழை வந்தால் எல்லாம் போச்சு. என்ன செய்யலாம் என்று காலையில் என்னிடம் கேட்டார்.

லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் சூப்பர் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். அன்று மாலை வரைக்குமான கணக்கு கண்முன்னே ஓடியது. கடலில் புயல் சிவப்பும் ஊதாவுமாகச் சுழன்றது. எங்கள் பக்கம் சுத்தமான வெள்ளை.

"வெள்ளைன்னா மழை இல்லதானே?"

"இல்ல அண்ணி. பரப்பியே விடுங்க."

எவ்வளவு பெருமையோடு சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்று மணிக்குத் தூறல் விழுந்தது. அரை மணி நேரம்தான். நாங்கள் இருவரும் ஓடிப்போய் வாரிக் குவிப்பதற்குள் நெல் நனைந்துவிட்டது. எனக்கு வானத்தின் மேல்தான் கோபம் வந்தது. படம் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து புரோகிராமைப் பார்த்தேன். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பெய்யும் மழையை வெள்ளையாக விடு என்று ஒரு வரி. நான் எழுதியதுதான். தூறலெல்லாம் தெரிந்தால் படம் அழுக்காகிவிடும், புயல் எடுப்பாகத் தெரியாது. ஆபீசில் எல்லோரும் பாராட்டிய படம் அது. களத்தில் கிடக்கும் நெல் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. இத்தனைக்கும் அந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள் நான்.

அதற்குப் பிறகுதான் நிஜமான குழப்பம். தூறல் கணக்கில் வந்திருந்தும் நான்தான் அதை மறைத்தேனா? இல்லை, கணக்கிலேயே இல்லையா? எண்கள் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்கள்தான் இல்லையே. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அண்ணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கேட்டால் எதற்காகக் கேட்பது?

அடுத்த மூன்று நாளும் வெயில் இல்லை. தார்ப்பாயை விலக்கியபோது நெல் முளைவிட்டிருந்தது. அண்ணி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"மழை வரும்னு அந்த மெஷின் சொல்லுச்சா, சொல்லலையா?"

"தெரியல அண்ணி. இனிமே யாராலயும் அதக் கண்டுபிடிக்க முடியாது."

"அது சொல்றப்ப எதிர்ல உக்காந்திருந்தது நீதான?" என்றார்.