மயில்துத்தம் குடித்த முதல் ஆடு

வேலூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் படிப்பை முடித்து நான் வாலாஜாபேட்டைக்குத் திரும்பிய மழைக்காலத்தில், அப்பாவின் செம்மறிகள் தாடை வீங்கி ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. செத்த ஆட்டின் இரைப்பையை அறுத்துப் பார்த்தேன். ரத்தம் குடித்துச் சிவந்த நூல்புழுக்கள் நெளிந்தன. அந்தப் புழுக்களைக் கொல்ல, நீல உப்பான மயில்துத்தத்தை எடை போட்டு, தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன்.

மந்தையைத் தோல் விலைக்குக் கேட்டு ஆம்பூர் வியாபாரி வந்திருந்தார். "இன்னா பாப்பா, துத்தம் விஷமாச்சே! மிச்சத்தையும் நீயே முடிச்சுடு, எனக்கு வேலை கம்மி" என்று சிரித்தார்.

மருந்தை முதலில் கொடுத்துப் பார்க்க, சாகக் கிடந்த ஆடு ஒன்றை அப்பா தூக்கி வந்தார்.

"இது வேணாம்பா. செத்தா மருந்துதான் கொன்னுச்சும்பாங்க. நல்லா நிக்கிறதைக் குடு."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு, மந்தைக்கு முன்னால் நடக்கும் கிடாயைப் பிடித்து வந்து அதன் வாயைத் திறந்தார்.

"அளவு தெரியும்ல?"

"தெரியும்பா."

மறுநாளும் கிடாய் முன்னால்தான் நடந்தது. மற்ற ஆடுகளுக்கும் மருந்து ஊற்றினோம். புழு தொற்றும் ஈரத் தரையை விட்டு மேட்டில் மேய்த்தோம். பெரும்பாலானவை தேறின.

அடுத்த முறை வந்த வியாபாரியிடம் அப்பா, "தோலுக்கு ஆடு இல்ல பாய். மருந்து வேணும்னா எம் பொண்ணைக் கேளுங்க" என்றார்.

பரீட்சையில் தேறிய அன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.