சந்தனப் பொட்டு வைத்த கேம் பெட்டி

போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, ஒயர் தொங்கும் பெட்டியோடு பஸ் ஏறுகிறவன் ஒன்று பெரிய வீரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போல மடையனாக இருக்க வேண்டும்.

பெட்டி வேறொன்றுமில்லை, டிவி கேம் விளையாடும் கன்ட்ரோலர்தான். கேம் சென்டரில் நிற்கும் பெரிய மெஷினில் இருப்பதைப் போலவே கைப்பிடியும் பெரிய பட்டன்களும் வைத்து நானே செய்தது. அப்பா வேலை செய்த தேயிலை ஸ்டோரிலிருந்து பலகை வந்தது. கைப்பிடிக்கு அலுமாரிக் குமிழ். கேமில் சுடுகிற பட்டனுக்கு எங்கள் வீட்டு காலிங் பெல் சுவிட்ச். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.

அப்பா ஏஜென்சியில் என் பெயரைச் சவுதி வேலைக்குக் கொடுத்திருந்தார். வெள்ளவத்தையில் டிவி கேம் விற்கும் கடைக்காரர் ஒருவர் பெட்டியைப் பார்த்து ஓர்டர் தந்தால் நான் போகத் தேவையில்லை என்று பேச்சு. தேர்த் திருவிழா வெயிலுக்கே மயங்கி விழுகிறவன் நான். சவுதியை நினைத்தாலே நாக்கு வறண்டது.

புறப்படுவதற்கு முதல் நாள் ஆயுத பூசை. அம்மா என் ஸ்குரூ டிரைவருக்கும் பெட்டிக்கும் தாராளமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மறுநாள் காலையில் துடைக்கப் போனேன். அவர் பார்த்த பார்வையில் துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

வழியில் சோதனைச் சாவடியில் சிப்பாய் பையைத் திறந்தார், ஒயரைக் கண்டு ஓரடி பின்னால் போனார். பிறகு அவர் குங்குமத்தைப் பார்த்தார். சாமி சாமான் என்று நினைத்தாரோ என்னவோ, தான் தொடாமல் என்னையே கழற்றிக் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்து மனிதர். சிங்கப்பூரிலிருந்து வராத எதையும் நம்பாதவர். முதலில் சிங்கப்பூர் கன்ட்ரோலரை மாட்டி, விமானம் சுடும் கேமைப் போட்டார். பட்டனைக் குத்திக் குத்தி விரல் வலித்ததுதான் மிச்சம், முதல் கட்டத்திலேயே விமானம் விழுந்தது. அடுத்து என்னுடையதை மாட்டினார். யாரும் தொடுவதற்கு முன்பே விமானம் சுடத் தொடங்கியது. நிறுத்தவேயில்லை. பட்டன் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எனக்கு உடனே விளங்கியது. கண்ணுக்கு முன்னால் ஒட்டகம் தெரிந்தது.

கடைக்காரரோ கைப்பிடியை மட்டும் ஆட்டி மூன்று கட்டம் தாண்டிவிட்டார்.

"தம்பி, சிங்கப்பூர்க்காரனுக்கே இந்த மூளை வரேல்லை. அச்சொட்டா இதைப் போலவே பத்து செய்து தாரும்."

விசேஷமான சுவிட்ச் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

வீட்டில் கழற்றிப் பார்த்தால், சுவிட்சுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. புதிய பத்துப் பெட்டிகளிலும் பட்டன் அதே போல ஒட்டிக்கொள்ளட்டும் என்று பசை வைத்துப் பார்த்தேன், மெழுகு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. உள்ளே இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டிருந்தாலே போதும் என்று இப்போது தெரிகிறது. அன்று அந்த மூளை வேலை செய்யவில்லை.

கடைசியில் அடுப்படிக்குப் போய், பத்துப் பெட்டிக்கும் பூசை செய்ய வேண்டும் என்று அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"அப்ப ஒன் பெட்டி விக்கலடா. என் சந்தனம்தான் வித்திருக்கு."

எனக்கு ரோஷம் வந்தது. சவுதி வெயிலும் கூடவே ஞாபகம் வந்தது. சந்தனக் கட்டையை எடுத்துக்கொண்டு நானே அரைக்க உட்கார்ந்தேன்.